கோட்டுக்கு அப்பால் பத்தடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்தது இது.

மூத்தோர் தடகளப் போட்டி. அறுபதைத் தாண்டிய பெண்களுக்கான இருநூறு மீட்டர் ஓட்டம். வரிசையில் ஆறு பேர் நின்றோம். ஆறு பேரிடமும் சேர்த்து நல்ல முழங்கால் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஏழு தேறும்.

பக்கத்துப் பாதையில் நின்ற அம்மாள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். நான் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு ஷகீலாவைத் தேடினேன்.

வளைவில் நின்று பார்த்தால் முடிவுக்கோடு மைதானத்தின் எதிர்ப்புறம் தெரியும். அதற்கும் பத்தடி அப்பால் அவள் நிற்க வேண்டும். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் எங்கே ஓடினாலும் அவள் அங்கேதான் நிற்கிறாள். அன்று அந்த இடம் காலியாக இருந்தது. கையில் வாக்கிடாக்கி வைத்திருந்த ஒரு சின்னப் பெண், ஷகீலாவை அவள் கைத்தடியோடு சேர்த்துக் பார்வையாளர் காலரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஒரு நிமிஷம் என்று கையைத் தூக்கினேன்.

“பாத்ரூமா ஆன்ட்டி?” என்று கேட்டாள் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் துப்பாக்கி வைத்திருந்தவள்.

இல்லை என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? எனக்கு வேண்டிய ஆளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்து என்றால், கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாள். குனிந்து விரல்களைத் தரையில் ஊன்றினேன்.

ஷகீலா ஏன் அங்கே நிற்க வேண்டும்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

திரும்பி ஓடியவள்

ஸ்ரீராம்புரத்தில் கபடிக்கு ஏழு பெண்களைத் தேற்ற நான் வீடு வீடாக அலைந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ஏழு பேரில் நீ மட்டும் எப்படி ஓட்டத்துக்கும் ஹாக்கிக்கும் போனாய் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மானம் போய்த்தான் போனேன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. கபடியில் எங்கள் பக்கத்தில் என்னைப் பிடிக்க ஆளில்லை என்ற திமிர். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில், ஓட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. “நீதான் நல்லா ஓடுறியே” என்று என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதுவரை நான் பந்தயத்தில் ஓடியதே இல்லை.

கபடி ஆடியவர்களுக்குத் தெரியும். பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனால், உள்ளே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு மூச்சு விடுவதற்குள் நம் பக்கம் திரும்பிவிட வேண்டும். கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் அவுட். தாண்டி அங்கேயே நின்றால் காலை வாரிவிடுவார்கள். தாண்டு, திரும்பு. வருடக்கணக்காக என் கால்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அன்றைக்கு நான்தான் முதலில் வந்தேன். எல்லோரையும்விட நாலடி முன்னால். சுண்ணாம்புக் கோடு கண்ணில் பட்டது. ஒற்றைக் காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினேன். இடுப்பை வெட்டினேன். வந்த வழியே திரும்பி ஓடினேன்.

பின்னால் வந்த ஐந்து பெண்களும் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு விலகினார்கள். உடம்பு கோட்டைத் தாண்டவில்லை, கால் மட்டும் தாண்டினால் கணக்கில்லை என்று கடைசி இடம் கொடுத்தார்கள். மைதானமே சிரித்தது. எங்கள் பள்ளி டீச்சர் கூட முகத்தை நோட்டால் மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது ஒரு உயரமான பெண். சிவாஜிநகர்ப் பள்ளியின் ஹாக்கி கோல்கீப்பர். கால்களில் தலையணை மாதிரி இரண்டு பேடு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அரே, உன் வீடு அந்தப் பக்கமாடி?”

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. என் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

“இன்னொரு ஓட்டம் இருக்கில்ல? நான் கோட்டுக்கு அந்தாண்ட பத்தடி தள்ளி நிக்கிறேன். நீ கோட்டைப் பார்க்காத. என்னை வந்து தொடு. தொட்டதுக்கு அப்புறம் எங்க வேணா திரும்பிப் போ.”

தொட்டேன். தொட்ட வேகத்தில் இரண்டு பேரும் புரண்டு விழுந்தோம். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அவள்தான் ஷகீலா.

பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் அவளை நோக்கி நூறு பந்து அடிக்க ஆள் வேண்டும். அதற்காக என் கையில் ஹாக்கி மட்டையைத் திணித்தாள். இப்படித்தான் நான் மூன்று விளையாட்டுக்காரி ஆனேன். பெரிய லட்சியம், கனவு என்றெல்லாம் யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு கோடு போட்ட படிவம்

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. தொம்மலூரைத் தாண்டி இருந்த ஒரு பெரிய தொழிற்சாலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் முதல்முறையாக ஒரு பெண்ணை எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஒரே ஒரு பெண். ஒரே ஒரு இடம்.

என் அம்மாவுக்குத் தெருக் கூட்டும் வேலை. அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவர் இடத்தில் நான் வரலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். துடைப்பத்தைப் பிடிக்க எனக்கு வெட்கம் இல்லை. அந்தத் துடைப்பம்தான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் காலை ஐந்தரைக்கு ஆஜர் எடுப்பார்கள். பயிற்சியும் அதே ஐந்தரைக்குத்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையல், தண்ணீர், அம்மா. அந்த ஒரு இடம் கிடைக்காவிட்டால் என் ஆட்டம் எல்லாம் அந்த மாதத்தோடு முடிந்தது.

தேர்வு நாள் காலையில் அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கார்ப்பரேஷன் யூனிஃபார்ம் கோட்டை எடுத்து என் டவுசருக்கு மேல் மாட்டிவிட்டார். பஸ்ஸில் யாரும் முறைக்கக் கூடாதாம். கோட்டில் பினாயில் வாசனையும் சாலைப் புழுதி வாசனையும் அடித்தன.

“இன்னா கேட்டாலும் எதிர்த்துப் பேசாத வேணி,” என்றார். “உன் வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு போ.”

மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது ஷகீலா ஏறினாள். அவளும் அதே இடத்துக்குத்தான் மனு போட்டிருந்தாள். வேலை கிடைக்காவிட்டால் பேடைப் பரண்மேல் போட்டுவிடு என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் இது தெரிந்துதான் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்குப் பாதியாக ஒரு பன் சாப்பிட்டோம். வேலையைப் பற்றிப் பேசவில்லை.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி. அதற்குக் கீழே ‘விளையாட்டு’ என்று போட்டு ஒரு சின்னக் கோடு. ஷகீலா ‘ஹாக்கி’ என்று அழகாக எழுதினாள். நான் எறும்பு எழுத்தில் ‘கபடி, ஹாக்கி, ஓட்டம்’ என்று மூன்றையும் அந்தக் கோட்டுக்குள் நெருக்கினேன்.

வாங்கிப் பார்த்தவர் நஞ்சுண்டப்பா என்ற அதிகாரி. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கெட்ட மனிதர் இல்லை. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உலகம் என்று நினைக்கிற மனிதர்.

“ஒந்தே பரிபேக்கம்மா. ஒந்தே,” என்றார். ஒன்றுதான் எழுத வேண்டுமாம்.

“மூணும் ஆடுவேன் சார்.”

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவங்க நமக்கு பேடா, வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள ரெண்டை அடிச்சுக் கொடு. இல்லேன்னா மனு ரிஜெக்ட்.”

பென்சிலால் என் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தார். அம்மா போட்டுவிட்ட பூட்டு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு மட்டும் தெரிந்த அரை நொடி

காலையில் கபடி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். விசில் வைத்திருந்த தேர்வாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

மதியம் ஹாக்கி. வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். நான் ஒரு பக்கம், ஷகீலா எதிர்ப்பக்கம். அவள் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்ன அடித்தாலும் காலால், கையால், நெஞ்சால் தடுத்தாள். தொப்பி போட்ட ஹாக்கித் தேர்வாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை அவளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. பந்து, நான், எதிரே கோலில் அவள் மட்டும்.

எட்டு வருடம் தினமும் நூறு பந்து அடித்தவள் நான். அவளுடைய இடது பக்கம், தரையோடு தரையாகப் பந்து வந்தால் அவள் கால் அரை நொடி தாமதமாக நகரும். இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சரிசெய்யத்தான் தினமும் சாயங்காலம் பாடுபட்டுக்கொண்டிருந்தோம்.

அங்கேயே அடித்தேன்.

பந்து உள்ளே போனது. அவள் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

அது ஆட்டத்தில் தப்பில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அன்று கோல் போட்டதற்கு எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அம்மாவின் கோட்டை முகத்தில் போட்டுக்கொண்டு மரத்தடியில் படுத்துக் கிடந்தேன்.

நானூறு மீட்டர்

சாயங்காலம் ஓட்டம். நானூறு மீட்டர், புல்தரையில் சுண்ணாம்பு போட்ட பாதை. முழு வட்டம் என்பதால் கிளம்பும் இடமும் முடியும் இடமும் ஒன்றுதான். கோட்டில் நின்றுகொண்டு பத்தடி தள்ளிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் பார்த்தேன்.

அந்தப் பதினான்கு வயதுக்குப் பிறகு நான் எந்தப் பந்தயத்திலும் திரும்பி ஓடியதில்லை. ஆனால் உடம்பு மறக்கவில்லை. கோடு நெருங்கும்போது என் இடுப்பு தானாகக் கொஞ்சம் பின்வாங்கும். அப்பால் ஷகீலா நின்றால் வாங்காது. கூட ஓடியவர்களில் ஒருத்தி ஆணி வைத்த ஷூ போட்ட கல்லூரிப் பெண். அவளிடம் அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் போதும், எல்லாம் போய்விடும்.

துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் வழக்கம்போல ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே ஓடினேன். மூச்சை அளந்து செலவழிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். சில பந்தயங்களில் நடுவர்கள் வாயை மூடு என்று எச்சரித்ததும் உண்டு.

பாதி தூரத்தில் நான் மூன்றாவது. காலையில் கபடி ஆடிய தொடை கல்லாக இறுகியது. கடைசி வளைவில் இரண்டாவது. கல்லூரிப் பெண் மூன்றடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நேர்ப்பாதைக்குள் திரும்பியதும் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

கோட்டுக்கு அப்பால் பத்தடியில் ஷகீலா நின்றாள்.

பேடைக்கூடக் கழற்றவில்லை. முகத்தில் துளி சிரிப்பு கிடையாது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

“வாடி பாகல், பைத்தியக்காரி! என்னைத் தொடுடி! தொட்டுப் பாருடி!”

அதற்குப் பிறகு எனக்குக் கோடு தெரியவில்லை, கல்லூரிப் பெண் தெரியவில்லை, தொடை வலி தெரியவில்லை. அவள் பேடுகள் மட்டும் தெரிந்தன. முழு வேகத்தில் போய் அவள்மேல் மோதினேன். இரண்டு பேரும் புல்லில் உருண்டோம். யார் முதல் என்று கேட்கக்கூட எனக்கு மூச்சில்லை. ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தவர் ஓடிவந்து, “நீதாம்மா, நீதான்!” என்று கத்தினார்.

பேனா மூடியது

நஞ்சுண்டப்பா மேஜையில் என் படிவத்தை விரித்து வைத்திருந்தார். மூன்று தேர்வாளர்களும் சுற்றி நின்றார்கள்.

“ரெண்டை அடிம்மா,” என்று பேனாவை நீட்டினார்.

வாய்ப்பூட்டு அத்தோடு கழன்றது.

“என் கையால அடிக்க மாட்டேன் சார். மூணுல எது வேணாமோ, நீங்களே அடிச்சிடுங்க.”

அவர் பேனாவைத் திருப்பிக்கொண்டார். முனை ‘கபடி’ மேல் போனது.

“சார், சார்,” என்று பாய்ந்தார் விசில்காரர். “இந்த ரெய்டரை விட்டா வேற கிடைக்காது.”

முனை ‘ஹாக்கி’க்கு நகர்ந்தது. தொப்பிக்காரர் தொண்டையைச் செருமினார். “இன்னிக்கு அந்தக் கீப்பரைத் தாண்டி கோல் போட்டது இந்தப் பொண்ணு ஒண்ணுதான் சார்.”

முனை ‘ஓட்ட’த்துக்கு வந்தது. ஸ்டாப் வாட்ச்காரர் வாட்சை அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினார்.

நஞ்சுண்டப்பா மூன்று பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். புல் ஒட்டிய என் முழங்கையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டு, “கோடுதான் சின்னதாப் போச்சு,” என்று முணுமுணுத்தார். படிவத்தில் முத்திரை விழுந்தது.

அந்தத் தொழிற்சாலை விளையாட்டுக்காக எடுத்த முதல் பெண் நான். மூன்று ஆட்டமும் அடிபடாமல் என்னோடு உள்ளே வந்தன.

அதற்கு அடுத்த வருடம் மூன்றிலும் மாநில அணிக்கு ஆடினேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் ஒரு அணிச் சட்டைகூட வாங்கியதில்லை. அம்மா மூன்று சட்டைகளையும் துவைத்து, வேண்டுமென்றே தெருப்பக்கக் கம்பியில் காயப்போடுவார். அந்த வழியாகப் போன மேஸ்திரி, “உனக்கு மூணு பொண்ணாம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

“மூணு இல்ல மேஸ்திரி. ஒருத்திதான்,” என்றாராம் அம்மா. சாகும்வரை இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷகீலா? வேலையில் சேர்ந்த வாரத்திலிருந்து நான் நஞ்சுண்டப்பாவின் உயிரை எடுத்தேன். ஹாக்கிக்காரியை எடுத்தீர்கள், நான் யாரோடு ஆடுவது, கோலில் உங்களை நிறுத்தட்டுமா என்று தினமும் கேட்டேன். இரண்டு வருடத்தில் பெண்கள் அணிக்கு அனுமதி வந்தது. முதல் பெயர் கோல்கீப்பர் ஷகீலா. “என் ஃபார்ம்ல ஒரு பென்சில் வட்டம்கூட கிடையாது,” என்று ரிட்டையர் ஆகும்வரை சொல்லிக் காட்டினாள்.

ஆனால் தேர்வு நாளில் ஏன் வந்து நின்றாய் என்று மட்டும் நான் அவளிடம் கேட்கவே இல்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்கப் பயமாக இருந்தது. பிறகு வருடம் ஏற ஏறக் கேட்பது கஷ்டமாகிவிட்டது.

வாக்கிடாக்கிப் பெண்

போன மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். துப்பாக்கி வெடித்தது. வளைவில் நான் பாடத் தொடங்கினேன். பக்கத்து அம்மாள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார், அங்கேயே ஓரடி விட்டார். நேர்ப்பாதைக்கு வந்தபோது எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார்.

தலையைத் தூக்கினேன். காலரிக் கம்பித் தடுப்புக்கு அடியில் ஒரு கைத்தடி முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால் புது முழங்கால் போட்ட ஷகீலா, அறுபத்திரண்டு வயதில், குனிந்து நுழைந்து வந்தாள். வாக்கிடாக்கிப் பெண் விசில் ஊதிக்கொண்டே துரத்தினாள். ஷகீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தடியில் வந்து நின்றாள். தடியைக் கீழே போட்டாள். கைகளை விரித்தாள்.

“வாடி கிழவி! தொடு!”

தொட்டேன். இந்த முறை உருளவில்லை. உருண்டால் இரண்டு பேரையும் எழுப்பக் கிரேன் வர வேண்டும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையில் என் பெயர் முதலில் வந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். “ஷகீ, அன்னிக்கு ஏன்டி வந்து நின்ன?”

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“உன்மேல கொலவெறில இருந்தேன். பேடைக்கூடக் கழட்டாம வாசல் கேட் வரைக்கும் போயிட்டேன்,” என்றாள். “அப்புறம் யோசிச்சேன். என்னைத் தோற்கடிச்சவ போய் அங்க தோத்துட்டு வந்தா, எனக்கு என்னாடி மரியாதை?”

வாக்கிடாக்கிப் பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இவர் யார், பாதைக்குள் எப்படி வந்தார் என்று படபடவென்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஷகீலா அவள் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தாள். என் பெயருக்கு நேராக மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றையும் நிரப்பியிருந்தேன். இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல், ஐம்பது வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்ட ஈட்டி எறிதல்.

“அடுத்தது இன்னா, ஈட்டியா?” என்று கேட்டுக்கொண்டே கைத்தடியை எடுக்கக் குனிந்தாள் ஷகீலா. “அதுக்கு மட்டும் நான் முன்னாடி போய் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”